ஒரே சமையல், வேறு வேறு கொலஸ்டிரால்

முதிய தம்பதியர் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளுடன் வருகின்றனர். மனைவிக்குக் கொலஸ்டிரால் மிகுதி, கணவருக்கு இல்லை. "இருவரும் ஒரே சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறோம், டாக்டர். இவள் எனக்குத் தெரியாமல் எதையோ தின்கிறாள்" என்கிறார் கணவர். வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வழக்கு இது. ஒரே சாப்பாடு என்பதே அந்த அம்மையாருக்குச் சாதகமான சாட்சியம் என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கொலஸ்டிராலின் பெரும்பகுதியை உடலே உண்டாக்கிக்கொள்கிறது. கல்லீரல் உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள், 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல்லை இரத்தத்திலிருந்து பிடித்து உள்ளிழுக்கின்றன. இதனைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். பிசிஎஸ்கே9 என்னும் புரதமோ அந்த ஏற்பிகளை அழிவுக்கு அனுப்புகிறது. ஏற்பியின் மரபணு பழுதுபட்ட ஒருவருக்குப் பிசிஎஸ்கே9 மரபணுவும் மிகையாக இயங்கினால் எல்டிஎல் மேலும் உயரும். அது மந்தமாக இருந்தால் பழுதின் விளைவு ஓரளவு தணியும்.

இதனினும் வியப்பானது அப்போ-ஈ மரபணு. இதற்கு ஈ2, ஈ3, ஈ4 என மூன்று வடிவங்கள் உண்டு; தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் பெறுகிறோம். ஈ4 உடையோருக்கு எல்டிஎல் சராசரியாகச் சற்று மிகுதி. ஈ2 உடையோருக்குக் குறைவு. ஆயினும் இரண்டுமே ஈ2 ஆக அமைந்தோருள் சிலருக்குக் கொலஸ்டிராலும் டிரைகிளிசரைடும் ஒருங்கே மிக உயர்ந்துவிடுகின்றன. வேறொரு மரபணு மாறுபாடோ, நீரிழிவோ, தைராய்டுச் சுரப்புக் குறைவோ, உடற்பருமனோ துணை சேரும்போதே பெரும்பாலும் இவ்வாறு நேர்கிறது. முதுமையில் இத்தகைய துணைகளுக்குப் பஞ்சமில்லை. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் எல்டிஎல் இயல்பாகவே கூடுகிறது.

எனவே, எழுபது வயதுக்குமேல் ஒற்றை மரபணு அறிக்கையை விலைகொடுத்து வாங்குவது பெரும்பாலோர்க்கு வீண்செலவு என்பதே என் கருத்து. ஈ4 வடிவம் அல்சைமர் மறதிநோய் வாய்ப்போடும் தொடர்புடையது; கொலஸ்டிராலைப் பற்றிக் கேட்கப்போய், கேளாத விடையையும் பெற்று வருந்த நேரிடும். அச்செலவுக்கு முன் தைராய்டு, சர்க்கரை அளவுகளைப் பார்ப்பது நன்று.

"பரம்பரையாக வந்தது, மருந்தால் என்ன ஆகும்?" என்று மாத்திரையை நிறுத்துவோரும் உளர். இது கணவரின் குற்றச்சாட்டைவிட ஆபத்தானது. ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரலில் ஏற்பிகளைப் பெருகச் செய்கிறது. மரபுவழிக் கொலஸ்டிரால் உடையோருள் மிகப் பெரும்பாலோரிடமும் அது வேலை செய்கிறது. மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. எல்டிஎல் 190ஐத் தாண்டியிருந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு நேர்ந்திருந்தாலோ, மரபுவழிக் கொலஸ்டிரால் நோயா என ஆராய வேண்டும். பெற்றோர் ஒருவருக்கு அது இருப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்புண்டு. அங்கே பரிசோதனை முதியவரைக் காட்டிலும் அவர்தம் மக்களுக்கும் பேரர்களுக்குமே பயன்படுவது.

அடுத்த முறை வரும்போது, உங்கள் இரு வழி உறவினருள் எவருக்கு, எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். கணவர் வழி, மனைவி வழி எனத் தனித்தனியே எழுதுங்கள்.