டெல்டாவுக்கு தடை... ராமநாதபுரத்துக்கு? ஓயாத மீத்தேன் அரசியலின் பின்னணி என்ன?

'மீத்தேன் திட்டம்தான் போயிடுச்சே, இன்னும் என்ன?' என டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்கள் கேட்பதுண்டு. போனது பெயர் மட்டும்தான்.

மன்னார்குடி பகுதியில் 691 சதுர கிலோமீட்டரில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க, கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துடன் மத்திய அரசு 2010-ல் ஒப்பந்தம் போட்டது. 2011 ஜனவரியில் அன்றைய திமுக அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. விஷயம் ஊருக்குள் தெரியவந்ததும் போராட்டம் வெடித்தது. இயற்கை விவசாயி நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30-ல் காலமானது, இந்தத் திட்டத்துக்கு எதிரான பிரசாரத்தின்போதுதான். 2015-ல் அதிமுக அரசு 'அனுமதி கிடையாது' என அறிவித்தது.

விவசாயிகளின் பயம் என்ன?

நிலக்கரியோடு மீத்தேன் ஒட்டிக்கொண்டிருக்க, தண்ணீரின் அழுத்தம்தான் காரணம். அந்தத் தண்ணீரை இறைத்துக் கொட்டினால்தான் வாயு மேலே வரும். அதாவது முதலில் வருவது கேஸ் இல்லை, தண்ணீர். அதுவும் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதை எந்த வாய்க்காலில் விடுவது? கடலை ஒட்டிய டெல்டாவில் நிலத்தடி நீர் இறங்கினால், கடல்நீர் உள்ளே வராதா? போராட்டம் முழுக்க இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடந்தது.

மத்திய அரசு ஏன் விடவில்லை?

நாட்டுக்குத் தேவையான இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதி இறக்குமதிதான். 2030-க்குள் எரிசக்தியில் எரிவாயுவின் பங்கை 15 சதவீதமாக உயர்த்துவது மத்திய அரசின் இலக்கு. நியாயமான கவலைதான். ஆனால் உள்நாட்டில் எடுத்தால் விலை குறையும் என்று நம்பிவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே வாயுவைத் திரவமாக்கி 2015 வாக்கில் கப்பலேற்றத் தொடங்கிய பிறகு, அங்கே கிழக்குப் பகுதி மக்களுக்கு கேஸ் விலை ஏறத்தான் செய்தது.

பெயர் மாறி வந்த திட்டங்கள்

2016-ல் வந்த 'ஹெல்ப்' கொள்கைப்படி எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம் போதும். மீத்தேன் என்று தனியாகச் சொல்லவே வேண்டியதில்லை! 2017-ல் நெடுவாசலில் மக்கள் எதிர்த்தது 'ஹைட்ரோகார்பன்'. 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்பு ஆகிய இடங்களுக்கு வந்தது நிலக்கரி ஏலம். எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

சட்டம் இருக்கிறதே?

இருக்கிறது. 2020-ல் கொண்டுவரப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டையின் சில பகுதிகளிலும் புதிதாகத் துளையிடத் தடை விதிக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளைத் தொடாது. மைக்கேல்பட்டி இருக்கும் அரியலூர் மாவட்டமும் அதில் கிடையாது.

நிலப்பகுதியில் எடுக்க குத்தகை தருவது மாநில அரசு என்பதால், 'டெல்லிதான் காரணம்' என்று கைகழுவ முடியாது. 2025-ல் ராமநாதபுரத்தில் ஓஎன்ஜிசி 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட அனுமதி தந்தது, மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். செய்தி வெளியாகி எதிர்ப்பு கிளம்பிய பிறகே, அதைத் திரும்பப் பெறும்படி சொன்னது தமிழக அரசு. அனுமதி தரப்பட்டபோது ராமநாதபுரம் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் இல்லை.