கேட்டது ஒருவரிடம், பதில் சொன்னது யார்?

ஜோர்ஜ்டவுனில் லெபு பாசார் எங்கே என்று கேட்டால் நம்மவர்களில் சிலர் ஒரு கணம் யோசிப்பார்கள். கடைத்தெரு என்று சொல்லிப் பாருங்கள், கை தானாக நீளும். மார்க்கெட் ஸ்ட்ரீட் என்றாலும் அதே இடம்தான். பெயர் மூன்று, தெரு ஒன்று. வெளியூர்க்காரர் வழி தவறாமல் போய்ச் சேருவாரா என்பது, அவர் யாரைக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது.

கணினியின் நிலையும் அந்த வெளியூர்க்காரரின் நிலைதான். நாம் ஓர் இணையத்தளத்தின் பெயரைத் தட்டுகிறோம். கணினிக்கோ எண்களாலான ஐபி முகவரி வேண்டும். ஆகவே யாரையாவது கேட்டாக வேண்டும். சி மொழியில் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகள் நெட்வொர்க் பாடத்துக்கு வந்ததும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் எழுதுகிறார்கள். பழைய பாடநூல்களில் அதற்கான ஃபங்ஷன் 'கெட்ஹோஸ்ட்பைநேம்'. பெயரைக் கொடுத்தால் முகவரி வரும்.

இதன் பிறப்பில் ஒரு சுவாரசியம் உண்டு. ஆரம்ப காலத்தில் நெட்வொர்க்கில் இருந்த கணினிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அங்கிருந்து நகல் எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983இல் பால் மோக்கபெட்ரிஸ், பெயர்களை உலகெங்கும் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஎன்எஸ் முறையை வகுத்தார். அதே ஆண்டில்தான் பெர்க்லி யூனிக்ஸின் 4.2 பதிப்பில் கெட்ஹோஸ்ட்பைநேம் வந்தது. முதலில் அது உள்ளூர்க் கோப்பைப் பார்த்துப் பதில் சொன்னது. பிறகு டிஎன்எஸ் சர்வரைக் கேட்கத் தொடங்கியது. அதை அழைத்த நிரல்களில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பதில் எங்கிருந்து வருகிறது என்பது நிரலுக்குத் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. நல்ல வடிவமைப்பு என்று பாராட்டப்பட வேண்டிய விஷயம்.

நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த 'தெரியாது' நம் நாட்டில் ஒரு பெரிய விவாதமானது.

2024 செப்டம்பர் தொடக்கத்தில், கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்றவற்றின் பொது டிஎன்எஸ் சர்வர்களைப் பயன்படுத்தியவர்கள் சிலர் விநோதம் ஒன்றைக் கவனித்தார்கள். கேள்வியை 8.8.8.8க்கோ 1.1.1.1க்கோ அனுப்பினார்கள். பதில் வந்தது. ஆனால் பதில் சொன்னது அவர்களுடைய இணையச் சேவை நிறுவனத்தின் சர்வர். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் உத்தரவுப்படி நிறுவனங்கள் இந்தத் திசைதிருப்பலைச் செய்யத் தொடங்கியிருந்தன. செப்டம்பர் 30க்குள் முடிக்க வேண்டும் என்பது கெடு.

ஆணையம் சொன்ன காரணத்தை அலட்சியப்படுத்த முடியாது. 2018இலிருந்து 2024 ஆகஸ்ட் 1 வரை 24,277 தளங்களை முடக்கியிருப்பதாகவும், அவற்றில் 39 விழுக்காடு சூதாட்டத் தளங்கள் என்றும் அது சொன்னது. ஆன்லைன் சூதாட்டத்தில் சம்பளத்தை இழந்த குடும்பங்களை அறிந்தவர்கள் இதைக் கேட்டுத் தோளைக் குலுக்கிவிட்டுப் போக மாட்டார்கள். முடக்கம் சேவை நிறுவனங்களின் டிஎன்எஸ் சர்வரில் நடக்கிறது. பயனர் வேறு சர்வரைக் கேட்டால் முடக்கம் பலிக்காது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஆனால் அடைத்த விதம்தான் என் பார்வையில் தவறு. ஒரு தளத்தைத் தடுப்பது வேறு. நான் ஒருவரிடம் கேட்ட கேள்விக்கு, இன்னொருவர் அவர் குரலில் பதில் சொல்வது வேறு. சாதாரண டிஎன்எஸ் கேள்வி மறைகுறியீடு இல்லாமல், தபால் அட்டை போலப் போகிறது. வழியில் இருக்கும் எவரும் படிக்கலாம், நிறுத்தலாம், தானே பதில் எழுதலாம். அதைத் தீய தளத்துக்கு மட்டும்தான் செய்வார்கள் என்பதற்கு அவர்கள் வார்த்தை ஒன்றே உத்தரவாதம்.

எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பர் 8ஆம் தேதி, இதைத் தொடர வேண்டாம் என்று ஆணையத்திடம் கேட்டுக்கொண்டதாகத் தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அறிவித்தார். கெடு வருவதற்குள் விஷயம் அடங்கிவிட்டது.

பாயான் லெப்பாஸ் பக்கம் வேலை பார்க்கும் இளம் பொறியாளர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிந்திருக்கும். அந்த நாள்களில் ஒரே மடிக்கணினியில் இரண்டு பதில்கள் கிடைக்க வாய்ப்பிருந்தது. டிஎன்எஸ் கேள்வியையே மறைகுறியாக்கி அனுப்பும் முறை 2018இல் தரநிலையானது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டிலும் அது உண்டு. அதை இயக்கிவைத்த உலாவிக்கு உண்மையான பதில் கிடைக்கும். பக்கத்திலேயே ஓடும் சி நிரல் இயங்குதளத்தின் வழியே கேட்பதால் அதற்குக் கிடைப்பது திசைதிரும்பிய பதில். "உலாவியில் திறக்கிறது, என் நிரலில் திறக்கவில்லை" என்று தலையைச் சொறிபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

நிரல் எழுதுவோருக்கு இன்னும் கொஞ்சம். கெட்ஹோஸ்ட்பைநேம் இன்று ஓய்வுபெற்றுவிட்டது. பழைய ஐபி நான்காம் பதிப்பு முகவரிகள் மட்டுமே அதற்குத் தெரியும். பதிலை ஒரே பொது இடத்தில் எழுதி வைப்பதால், ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் கேட்டால் ஒன்றின் பதிலை மற்றொன்று அழித்துவிடும். 2008இல் போசிக்ஸ் தரநிலையே அதைக் கைவிட்டது. இப்போது எழுத வேண்டியது 'கெட்அட்ர்இன்ஃபோ'. அது ஒரு முகவரியைத் தராது, பட்டியலைத் தரும். முதலாவதை மட்டும் முயன்று, கிடைக்கவில்லை என்று கைவிடும் நிரல்கள்தான் அதிகம். அடுத்ததையும் தட்டிப் பார்க்க வேண்டும். பட்டியலை முடித்ததும் நினைவகத்தை விடுவிக்க மறக்கக் கூடாது. 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்ற பிழையும் 'இப்போதைக்குப் பதில் இல்லை' என்ற பிழையும் வேறு வேறு. முன்னதற்கு மீண்டும் முயன்று பயனில்லை, பின்னதற்குச் சற்றுப் பொறுத்துக் கேட்கலாம்.

ஆனால் எந்த ஃபங்ஷனை அழைத்தாலும் வந்த முகவரி மெய்யானதா என்று அது சொல்லாது. அதைச் சோதிப்பது அடுத்த கட்டத்தின் வேலை. இணைப்பு கிடைத்ததும் எதிர்த்தரப்பு காட்டும் சான்றிதழில் நாம் கேட்ட பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. வங்கித் தளத்தைத் திறக்கும்போது உலாவி சிவப்பு எச்சரிக்கை காட்டினால், பெரும்பாலும் இந்தச் சோதனையில் ஏதோ இடறியிருக்கிறது. அவசரத்தில் "பரவாயில்லை, தொடர்க" என்று அழுத்தாதீர்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். சொந்த நிரலில் இந்தச் சோதனையை அணைத்துவைத்து, பிறகு மறந்துவிடும் பழக்கமும் நம் பிள்ளைகளிடம் உண்டு.

திசைதிருப்பல் நின்றதே தவிர, சேவை நிறுவனங்களின் சொந்த சர்வரில் முடக்கப்பட்ட பட்டியல் அப்படியேதான் இருக்கிறது. எதையும் மாற்றாத கைப்பேசி வழக்கமாகக் கேட்பது அந்த சர்வரைத்தான். ஆண்ட்ராய்டு 9 முதல் நெட்வொர்க் அமைப்புகளில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒரு தேர்வு உண்டு. அதில் நீங்கள் நம்பும் சேவையின் பெயரைக் கொடுத்தால், உலாவி மட்டுமல்ல, செயலிகள் இயங்குதளத்தின் வழியே கேட்கும் கேள்விகளும் உறையிட்டே போகும். பிள்ளைகளின் கைப்பேசிக்கு ஆபாசத் தளங்களை வடிகட்டும் சேவைகளும் இருக்கின்றன. அங்கும் ஒருவர் நமக்காகப் பதிலை மாற்றுகிறார்தான். யார் அவர் என்பதை நாம் தேர்ந்தெடுத்திருப்போம்.