வண்டி வளருது, மலைப்பாதை வளருமா?

புது மாடல்னா பழசை விடப் பெருசாத்தான் இருக்கணும்னு யார் சட்டம் போட்டது? பழைய ஸ்கார்பியோ 182 சென்டிமீட்டர் அகலம். 2022-ல் வந்த ஸ்கார்பியோ-என் கிட்டத்தட்ட 192. நீளமும் 20 சென்டிமீட்டர் கூடிப்போச்சு. லேண்ட் குரூசர் 300 இன்னும் மேல, 198. சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். எது நகரும்?

ஏழு பேர் போகலாம்னு விளம்பரம். ஞாயிற்றுக்கிழமை ஏறி வர்ற பல வண்டியில ரெண்டே பேர். அரசு பஸ் வளைவுல திரும்ப முழு ரோடும் வேணும். அங்க ஒரு பெரிய வண்டி மூக்கை நுழைச்சா ரெண்டு பக்கமும் அடைச்சுக்கும். சேலம் ஆஸ்பத்திரிக்கு இறங்கற கர்ப்பிணியும் அதுலதான் மாட்டிக்கிட்டு நிக்கணும்.

"மலைக்குன்னே செஞ்ச வண்டியாச்சே"ம்பீங்க. தார் ரோட்டுல ஏற நாலு சக்கர இழுவை எதுக்குங்க? காப்பித் தோட்டத்து மண் பாதையில மூட்டை ஏத்தி ஓடற பழைய ஜீப் உங்க வண்டியை விட ஒரு சாண் குறுகல்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துச்சு. ஏற்காட்டுக்கும் வேணும். பெரிய வண்டிக்குக் கூடுதல் கட்டணமும் வேணும். வியாபாரம் படுத்துடும்னு பயப்பட வேண்டாம். சின்னக் காரில், பஸ்ஸில் வர்றவங்களும் மிளகும் ஆரஞ்சும் வாங்கத்தான் செய்றாங்க.

அதுவரைக்கும் ஒண்ணு செய்ங்க. மலையில ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கறப்ப நின்னு விடுங்க. ஹாரன் அடிச்சா பாறை ஒதுங்காது.