நாலு என்று எழுதிய கேசட்

தம்போயில் பிறந்தவனுக்கு ஒரு தொல்லை உண்டு. ஜொகூரில் எங்கே போய் ஊர்ப் பெயரைச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். "தம்போயா? எப்ப வெளிய விட்டாங்க?" பெர்மாய் மனநல மருத்துவமனை எங்கள் ஊரில் இருப்பதால் வந்த வினை. பேராக்காரர்களுக்குத் தஞ்சோங் ரம்புத்தான் எப்படியோ, ஜொகூர்க்காரர்களுக்குத் தம்போய் அப்படி. தம்போய் என்பது ஒரு பழத்தின் பெயர், காட்டில் காய்க்கும், உரித்தால் உள்ளே சுளை சுளையாக இருக்கும் என்று எத்தனை பேரிடம்தான் விளக்குவது?

எண்பதுகளில் நான் முன்னறையில் கேசட் போட்டால், பக்கத்து வீட்டு ஆயா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுப்பார். "இதையே கேட்டுக்கிட்டிருந்தான்னா இவன தம்போய்க்குத்தான் அனுப்பணும்." அவரும் நாங்களும் இருந்ததே தம்போயில்தான். கோபத்தில் அது அவருக்கு மறந்துபோகும்.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம் எங்கள் சனிக்கிழமைக் கூட்டம். கூட்டம் என்றால் நாலே பேர். மாமாக் கடை மேசை, நாலு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய் பங்கு. லோரி ஓட்டும் ஓர் அண்ணன், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஒரு தம்பி, நான். வாரம் ஒருவர் ஓர் ஆல்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். பாட்டு இல்லை, ஆல்பம். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை. பழைய ராக், புளூஸ், இரண்டும்தான் எங்கள் எல்லை.

இந்தக் கூட்டத்தில் நான் கண்டுகொண்ட ஒன்று: பிடித்த ஆல்பம் எது என்று கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை. வாத்தியாரைக் கேளுங்கள். ராபர்ட் ஜான்சன் என்பார். 1936லும் 1937லும் டெக்சஸில் பதிவு செய்த 29 பாட்டு, மனிதர் இறந்தபோது வயது 27, அந்தப் பாட்டுகளில் சில 1961ல் எல்.பி.யாக வந்த பிறகுதான் உலகமே விழித்துக்கொண்டது என்று பாடம் நடத்துவார். அத்தனையும் சரி. ஆனால் அவருடைய மைவி காரில் ஏறி உட்கார்ந்தால் ஓடுவது கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவலின் 'காஸ்மோஸ் ஃபேக்டரி', 1970. எப்போது ஏறினாலும் அதுதான். கேட்டால், "அது சும்மா, ஓட்டும்போது தூக்கம் வராம இருக்க" என்பார். ஐம்பது வருடமாக ஒரு மனிதரைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் ஆல்பம் சும்மாவா? அதனால் நான் கேள்வியை மாற்றிவிட்டேன். எது பிடிக்கும் என்று கேட்பதில்லை. எந்தக் கேசட் தேய்ந்தது என்று கேட்கிறேன்.

லோரி அண்ணனுக்குத் தேய்ந்தது மடி வாட்டர்ஸின் 'ஹார்ட் அகேன்'. 1977ல் வந்தது. மடிக்கு அப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. ஜானி வின்டர் என்ற வெள்ளைக்காரப் பையன் பக்கத்தில் நின்று உற்சாகத்தில் கத்துவது பதிவிலேயே கேட்கும். அண்ணனுக்கு ஆங்கிலம் அரைகுறை. பாட்டு வரிகள் பாதி புரியாது. ஆனால் மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியில் ஒரு பருத்தித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர் என்று வாத்தியார் சொன்ன அன்று அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டார். "எங்கப்பாவும் தோட்டத்துல டிராக்டர்தான்" என்றார். குளுவாங் பக்கத்துத் தோட்டம். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

1941ல் ஆலன் லோமாக்ஸ் என்பவர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனார். மடியைப் பாடச் சொல்லிப் பதிந்துகொண்டார். பிறகு தபாலில் இரண்டு இசைத்தட்டும் இருபது டாலர் காசோலையும் வந்தன. இரண்டு வருடத்தில் மடி தோட்டத்தை விட்டு சிக்காகோவுக்கு ரயில் ஏறிவிட்டார். இதைச் சொன்னபோது அண்ணன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "தோட்டத்துக் கணக்குல கடன் இல்லாம எப்படி விட்டாங்க?" வாத்தியாரிடம் பதில் இல்லை. புத்தகம் படித்தவனுக்கு வராத கேள்வி அது.

தம்பியின் கதை வேறு. விடியற்காலை நாலரைக்கு மோட்டாரை எடுப்பவன். குடிநுழைவுச் சாவடியில் ஆயிரம் மோட்டாருக்கு நடுவே வரிசையில் ஊர்ந்துகொண்டு போக வேண்டும். ஹெல்மெட்டுக்குள் ஸ்டீவி ரே வானின் 'டெக்சஸ் ஃப்ளட்'. 1983ல் வந்தது, ஜாக்சன் பிரவுனின் ஸ்டூடியோவில் மூன்றே நாளில் பதிந்த ஆல்பம். தலைப்புப் பாட்டு லேரி டேவிஸ் 1958ல் பாடியது, வெள்ளத்தைப் பற்றியது. நல்ல தேர்வுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாள் இந்தத் தம்பி, பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தைக் கலைத்துப் போட்டுக் கேட்டேன் என்றான். பாட்டுகளை ஃபோன் தன் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிப் போட்டதாம். மேசை அமைதியாகிவிட்டது. லோரி அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். "ராமாயணத்துல வாலி செத்ததுக்கு அப்புறம் சீதா கல்யாணம் வந்தா ஒத்துக்குவியா?"

ரசனை என்பது நாமே தேடித் தேர்ந்தெடுத்தது என்று இந்த வயதில் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். பொய். எங்களுக்கு வந்ததெல்லாம் கையில் கிடைத்தது. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கேஸ் விளக்கு வெளிச்சத்தில் திருட்டுக் கேசட் பரப்பி வைத்திருப்பார்கள், மூன்று நாலு வெள்ளி. பாதி சிங்கப்பூரிலிருந்து வந்தது. 1987ல் அங்கேயும் இங்கேயும் புதிய பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை அந்த வியாபாரத்துக்குக் கூச்சமே கிடையாது. அன்று கடைக்காரனிடம் என்ன இருந்ததோ அதுதான் நம் ரசனை. அவன் ரோலிங் ஸ்டோன்ஸ் கொண்டு வரவில்லை. அதனால் இன்றுவரை எனக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் ஒட்டவில்லை. வேறு காரணம் சொன்னால் அது பின்னால் செய்துகொண்டது.

'டார்க் சைட்' அட்டையை முதலில் பார்த்ததும் அப்படித்தான். கறுப்புப் பின்னணி, முக்கோணக் கண்ணாடி, ஒரு பக்கம் வெள்ளை ஒளி நுழைந்து மறுபக்கம் நிறம் நிறமாகப் பிரியும். அசல் அட்டையில் ஆறு நிறம்தான். வானவில்லில் ஒன்றை விட்டுவிட்டார்கள். எங்கள் பாசார் மாலாம் பதிப்பில் ஆறும் இல்லை. ஜெராக்ஸ் எடுத்த அட்டை. சாம்பல் நுழைந்து சாம்பல் வெளியே வந்தது. அது அப்படித்தான் போலும் என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

அந்த ஆல்பத்தையும் லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பத்தையும் வகுப்புத் தோழனின் அண்ணனுடைய டபுள் டெக்கில் ஒரே சி-90 கேசட்டில் ஏற்றினேன். ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். செப்பெலின் நாற்பத்திரண்டரை, ஃபிளாய்ட் நாற்பத்து மூன்று. அளந்து வைத்தமாதிரி. 1971ல் வந்த செப்பெலின் ஆல்பத்துக்குத் தலைப்பே கிடையாது, நாலு சின்னங்கள்தான். லேபிளில் என்ன எழுதுவது? பால்பென்னால் தமிழில் 'நாலு' என்று எழுதினேன்.

சி-90யில் கேட்டவர்களுக்குத் தெரியும், இரண்டு ஆல்பமும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகளாகிவிடும். 'நாலு' பக்கத்தின் கடைசிப் பாட்டு 'வென் தி லெவி பிரேக்ஸ்', கரை உடையும் பாட்டு. 1927ல் மிசிசிப்பி ஆறு கரைகளை உடைத்துக்கொண்டு ஊர் ஊராக மூழ்கடித்தது. தோட்டக் கூலிகளான கறுப்பின மக்கள் கரைமேல் கூடாரத்தில் அடைபட்டுக் கட்டாய வேலை செய்தார்கள். 1929ல் கேன்சஸ் ஜோ மெக்காய், மெம்பிஸ் மின்னி இருவரும் அதைப் பாட்டாக்கினார்கள். இரண்டு கித்தார், ஒரு குரல், அவ்வளவுதான். செப்பெலின்காரர்கள் அதை எடுத்து, ஒரு காலத்தில் ஏழைகள் விடுதியாக இருந்த ஹெட்லி கிரேஞ்ச் என்ற கட்டடத்தில், கீழ்க்கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படியின் மேலிருந்து மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். அந்த டிரம்ஸ் அடி மழை விழுவதுபோல் இல்லை, வீட்டுச் சுவரில் தண்ணீர் மோதுவதுபோல் இருக்கும். அது முடிந்ததும் மிச்சமிருக்கும் இரண்டரை நிமிடம் வெறும் இரைச்சல். டக். கேசட்டைத் திருப்பிப் போட்டால் 'டார்க் சைட்' தொடங்கும், இதயத் துடிப்போடு. வெள்ளத்தில் மூழ்கியவன் பிழைத்துவிட்டான் என்று என் பதினைந்து வயது மூளை கதை கட்டிக்கொண்டது. இன்றும் 'லெவி' முடிந்தால் என் காது அந்தத் துடிப்புக்குக் காத்திருக்கிறது. எந்த ஃபோனும் அதைத் தருவதில்லை.

துடிப்புக்குப் பிறகு ஒரு சிரிப்பு வரும். பைத்தியக்காரச் சிரிப்பு. குழுவின் பயண மேலாளர் பீட்டர் வாட்ஸ் சிரித்தது. அப்பா பெர்மாயில் உதவியாளராக இருந்தார். ஒரு நாள் இரவு வேலை முடித்து, சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அந்தச் சிரிப்பைக் கேட்டு நின்றுவிட்டார். எனக்குப் பயம், அடி விழும் என்று. "யாருடா அது?" என்றார். பாட்டுப்பா, மனநிலை சரியில்லாதவங்களப் பத்தின பாட்டு என்றேன். அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பேரட் மனம் உடைந்து 1968ல் வெளியேறியதை அப்போது நான் அறியேன், அறிந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். அப்பா மறுபடி போடச் சொன்னார். திரும்பச் சுற்றிப் போட்டேன். கேட்டார்.

"இது நடிப்பு. அங்க யாரும் இப்படிச் சிரிக்க மாட்டாங்க. பாதிப் பேரு பேசவே மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அந்த ஆல்பத்தைப் பற்றி நான் படித்த விமர்சனம் நிறைய. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் அது 1988 வரை 741 வாரம் இருந்ததும் தெரியும். அப்பா சொன்னதைப் போன்ற விமர்சனத்தை இன்னும் எங்கும் படிக்கவில்லை.

நம் ஆட்களுக்கும் ராக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பினாங்கின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களை மறந்துவிட்டுக் கேட்கிறார்கள். பந்துபோல் சுருட்டை முடியோடு அவர்களுடைய ஆலிகேட்ஸ் குழு மேடையேறிய காலத்தில் மலாய்ப் பாட்டுக் கேட்காத தமிழ் வீடுகளிலும் அவர்கள் பாட்டு கேட்டது. லோகநாதன் 2007ல் மறைந்தார். கிரேட்ஃபுல் டெட் குழுவின் மிக்கி ஹார்ட் சேர்த்த 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். 1992ல் கிராமி வாங்கியது அது. போதும், பட்டியல் போட்டால் வாத்தியார் ஆகிவிடுவேன்.

முடி என்றதும் ஒன்று. 1972 பிப்ரவரியில் லெட் செப்பெலின் சிங்கப்பூரில் பாடுவதாக இருந்தது. நீள முடியோடு உள்ளே விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், கச்சேரி ரத்து. அரசு அலுவலகங்களில் நீள முடிக்காரருக்குக் கடைசியில்தான் சேவை என்று பலகை மாட்டியிருந்த காலம். எங்கள் அண்ணன்மார் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்தார்கள். இருபது வருடம் கழித்து நம் முறை வந்தது. 1981ல் ஜொகூர் பாருவில் தொடங்கிய 'சர்ச்' குழு, 'இசபெல்லா' பாட்டால் நாட்டையே ஆட்டிய குழு. அதன் பாடகர் ஏமியின் முடியை 1992ல் தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட் தன் கையால் கத்தரித்தார். அமைச்சரும் ஜொகூர்க்காரர்தான். ஊர்ப் பாசம்!

கேசட்டுக்கு வருகிறேன். 1991ல் கோத்தா திங்கியிலிருந்து வந்த என் மாமா மகன் அதை வாங்கிக்கொண்டு போனான். ரெண்டு வாரத்துல தரேன் மச்சான் என்றான். பதினைந்து வருடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். 2006 டிசம்பரில் கோத்தா திங்கி மூழ்கியது. தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவி முடிப்பதற்குள் ஜனவரியில் மறுபடியும் மூழ்கியது. லோரி அண்ணன்தான் அரிசி மூட்டையும் மெத்தையும் ஏற்றிப் போனார். கழுத்தளவு சேற்றுக்கோடு எல்லாச் சுவரிலும் ஒரே உயரத்தில் இருந்ததாம். பிறகு நான் கேசட்டைக் கேட்டபோது மச்சான் சுலபமாகச் சொன்னான்: "வெள்ளத்துல போச்சு." நான் நம்பவில்லை. கரை உடையும் பாட்டு வெள்ளத்தில் போனதாம், யாரிடம் கதை விடுகிறான் என்று இந்தப் பத்தித் தொடரிலேயே ஒருமுறை எழுதியும் விட்டேன்.

போன மாதம் அவன் மகள் கல்யாணத்துக்கு அழைப்பு வைக்க வந்தான். பழைய புரோட்டோன் சாகா, இன்னும் கேசட் பிளேயரோடு. காரில் ஏறச் சொன்னான். டாஷ்போர்டைத் திறந்து எடுத்துக் காட்டினான். லேபிளில் பாதிவரை காய்ந்த மஞ்சள் கறை, அதற்கு மேலே என் பால்பென் கையெழுத்து, மை பரவி, 'நாலு'. சேற்றிலிருந்து எடுத்து, குழாய்த் தண்ணீரில் கழுவி, கேசட்டைப் பிரித்து, நாடாவைக் காற்றாடிக்கு அடியில் பரப்பிக் காயவைத்து, வேறு கேசட்டின் கூட்டில் பென்சிலால் சுற்றி ஏற்றினானாம். லேபிளையும் பிரித்து ஒட்டியிருக்கிறான். கெட்டுப்போனதைத் திருப்பித் தர வெட்கமாக இருந்ததாம், அதனால் பொய்.

"ஓடுதா?"

போட்டான். டிரம்ஸ் வந்தது. தண்ணீருக்கு அடியில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இழுத்து இழுத்து வந்தது. நாங்கள் இருவரும் பேசவில்லை. பாட்டு முடிந்து இரைச்சல் ஓடியது, இரண்டரை நிமிடம். டக். மச்சான் திருப்பிப் போட்டான். துடிப்பு வந்தது, கொஞ்சம் மெதுவாக.