பெரிய பிரிண்ட் வேண்டுமா? ஒரிஜினலை அழிக்காதீர்கள்!

சென்ற மாதம் நண்பர் ஒருவர், காலமான தன் தாயாரின் போட்டோவை 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் எடுத்து பிரேம் போட விரும்பினார். மானிட்டரில் படம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் ஸ்டுடியோக்காரர் பைலைப் பார்த்துவிட்டு, "4க்கு 6 சைஸ் என்றால் ஏதோ சமாளிக்கலாம் சார். இவ்வளவு பெரிதாகப் போட்டால் தாங்காது. ஒரிஜினல் இருக்கிறதா?" என்று கேட்டார். ஒரிஜினல் இல்லை. செல்போனில் படம் எடுத்த மகன், உறவினர்களுக்கு அதை அனுப்பிவிட்டு, போனில் இடம் போதவில்லை என்று அழித்துவிட்டான். கையில் இருந்தது, உறவினர் ஒருவர் திருப்பி அனுப்பிய சிறிய நகல்.

திரையில் நன்றாகத் தெரியும் படம் தாளில் ஏன் கெட்டுப் போகிறது? டிஜிட்டல் போட்டோ என்பது பிக்சல் எனப்படும் சிறு புள்ளிகளின் தொகுப்பு. சாதாரண மானிட்டரில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 90 முதல் 100 பிக்சல்களே உள்ளன. கையில் வைத்துப் பார்க்கும் பிரிண்ட் தெளிவாக இருக்க, ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கு 200 போதும்.

கணக்கு மிக எளிது. பிக்சல் எண்ணிக்கையை 300ஆல் வகுத்தால் பிரிண்டின் அளவு அங்குலத்தில் கிடைக்கும். 4க்கு 6 அங்குலப் பிரிண்டுக்கு 1200 x 1800 பிக்சல் தேவை. 8க்கு 10 என்றால் 2400 x 3000. நண்பரிடம் இருந்த பைலில் 720 x 960 பிக்சல்தான் இருந்தது. 18 அங்குல உயரத்துக்கு அதை இழுத்தால் அங்குலத்துக்கு 53 பிக்சல்தான் வரும். முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். மகனின் போன் 12 மெகாபிக்சல். அதாவது, ஒரிஜினலில் 3000 x 4000 பிக்சல் இருந்திருக்கும். அதில் அங்குலத்துக்கு 222 பிக்சல் கிடைத்து, படம் அழகாக வந்திருக்கும்.

"போட்டோஷாப்பில் 300 டி.பி.ஐ. என்று மாற்றினால் போதாதா?" எனச் சிலர் கேட்கின்றனர். போதாது. பிக்சல்கள் கூடாமல் அந்த எண்ணை மட்டும் மாற்றினால், பைலில் ஒட்டியிருக்கும் லேபிள்தான் மாறும். மென்பொருளைக் கொண்டு பிக்சல்களைக் கூட்டினாலும், அவை கேமரா பார்த்தவை அல்ல, மென்பொருள் ஊகித்தவை. இப்போது வந்துள்ள ஏ.ஐ. புரோகிராம்கள் படத்தைப் பளபளப்பாக்கித் தருகின்றன. ஆனால் கண்ணும் உதடும் சற்று மாறிவிட்டால், அது நம் அம்மாவின் முகம்தானா? என்னைக் கேட்டால், வேறு முகமாகிப் போன பெரிய படத்தைவிட, உண்மையான சிறிய படமே மேல். நண்பரும் கடைசியில் அந்தச் சிறிய படத்தையே 4க்கு 6 அளவில் பிரேம் போட்டுக்கொண்டார்.

எனவே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். போனையும் கேமராவையும் யு.எஸ்.பி. கேபிள் மூலம் இணைத்து, ஒரிஜினல் படங்களை ஒரு போல்டரில் காப்பி செய்திடுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இன்னொரு காப்பி வையுங்கள். இரண்டும் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே போனில் அழியுங்கள். பைலில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ் எனச் சென்றால் பிக்சல் அளவைக் காணலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்படுகிறது. பிரிண்டுக்கு அனுப்புவதானால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

அதிக மெகாபிக்சல் என்று விலை உயர்ந்த போன் வாங்க யோசிக்கிறோம். எடுத்த பிக்சல்களைப் பத்திரப்படுத்தப் பத்து நிமிடம் ஒதுக்குவதில்லை. சில படங்களை மறுபடியும் எடுக்க முடியாது. இன்றே காப்பி செய்திடுங்கள்.