எரிமலை வேண்டாம், நமது மலையைப் படிக்கட்டும்

எமது லயத்தில் 8ஆம் தரம் படிக்கும் ஒரு பிள்ளை கடந்த மாதம் பாடசாலைக்கு ஒரு செயற்றிட்டம் செய்தாள். பூமியைப் பற்றிய பாடம். அவள் செய்தது எரிமலை. ரெஜிபோம் வெட்டி ஒட்டி, களிமண் பூசி, சிவப்பும் கறுப்பும் தீட்டி, வாயில் அப்பச்சோடாவைப் போட்டு வினாகிரியை ஊற்றினால் நுரை பொங்கி வழியும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாமான் வாங்க அவளுடைய அம்மாவுக்கு ஒரு நாள் கைக்காசில் பெரும்பகுதி போய்விட்டது.

எரிமலை எப்படி வெடிக்கிறது என்று அவள் தடுமாறாமல் சொன்னாள். அவர்களுடைய காம்பராவின் பின்சுவரில், கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒரு வெடிப்பு ஓடுகிறது. போன மாரியில் விரல் நுழைந்த இடத்தில் இப்போது கை நுழைகிறது. இது ஏன் என்று கேட்டேன். "பழைய லயம்தானே மாமா" என்றாள்.

இலங்கையில் எரிமலை இல்லை. மண்சரிவு உண்டு. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை என்று நமது மக்கள் வாழும் மாவட்டங்கள் எல்லாமே மண்சரிவு அபாயப் பட்டியலில் இருக்கின்றன. காணாத எரிமலையை நமது பிள்ளை விளக்குகிறாள். தலைக்கு மேலே நிற்கும் மலையைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இதில் பிள்ளைமீதும் குற்றமில்லை, ஆசிரியர்மீதும் குற்றமில்லை. புத்தகத்தில் உள்ள படம், எளிதாகச் செய்யக்கூடிய மாதிரி, கொடுக்க வேண்டிய புள்ளி என்று வழக்கம் அப்படியே ஓடுகிறது.

கையால் செய்து படிப்பதை நான் குறை சொல்லவில்லை. மனப்பாடம் செய்தது பரீட்சையோடு போகும். கையால் செய்தது வாழ்நாள் முழுக்க நிற்கும். அதனால்தான் கேட்கிறேன்: வாழ்நாள் முழுக்க நிற்கப் போகும் அந்தப் பாடம் ஏன் நமது மலையைப் பற்றியதாக இருக்கக்கூடாது?

கொஸ்லாந்தை மீரியபெத்தை மண்சரிவு நடந்தது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. அந்தக் காலை நேரத்தில் மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தோம். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

அந்த மலை ஆபத்தானது என்று முன்பே தெரிந்திருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்து, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று கூறியிருந்தது. ஆனால் அந்த எச்சரிக்கை லயத்தில் இருந்தவர்களுக்குப் புரியும் விதத்தில் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர்கள் எழுந்து போக இன்னொரு இடம் இருக்கவில்லை. தெரியாமை ஒன்று, காணி இல்லாமை மற்றொன்று. பாடசாலைச் செயற்றிட்டம் முதலாவதற்கு மருந்தாகலாம். இரண்டாவதற்கு மருந்து தொழிற்சங்கத்தின் கையில் இருக்கிறது. ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்வதில் பயனில்லை என்பதே என் கருத்து.

முதலில் பிள்ளைகள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். இவை எதற்கும் கடைக்குப் போய்க் காசு செலவழிக்கத் தேவையில்லை.

ஒன்று, மழைமானி. நேரான பக்கமுள்ள ஒரு வெற்றுச் சோடாப் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல்போலப் பொருத்த வேண்டும். அடியில் மேடு பள்ளமாக இருக்கும் பகுதியைச் சிறு கல் போட்டு நிரப்பி, அந்தக் கல் மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சைபர் என்று குறித்து, அதற்கு மேல் அடிமட்டத்தால் மில்லிமீற்றர் கோடு போட வேண்டும். கூரைத் தண்ணீரும் மரத்துச் சொட்டும் விழாத வெளியான இடத்தில் நட்டுவைத்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் தண்ணீரை மறுபடி சைபர் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

வானொலியில் "100 மில்லிமீற்றருக்கு மேல் மழை" என்று சொன்னால் நம்மில் எத்தனை பேருக்கு அதன் பொருள் தெரியும்? ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு ஏக்கர் தேயிலை மலையில் 100 மில்லிமீற்றர் பெய்தால் விழும் தண்ணீர் ஏறக்குறைய 4 இலட்சம் லீற்றர். எடையில் 400 தொன். 10,000 லீற்றர் பவுசரில் ஏற்றினால் 40 பவுசர். இந்தக் கணக்கை ஒரு பிள்ளை தானே போட்டுப் பார்த்தால், பிறகு எந்த மழை இரவிலும் அதை மறக்கமாட்டாள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை அளவுகளும் இதே மில்லிமீற்றரில்தான் இருக்கின்றன. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ, உடனே வெளியேற வேண்டும். மலைநாட்டில் நகரத்தில் பெய்யும் மழை வேறு, நமது மேற்பிரிவில் பெய்யும் மழை வேறு. அதனால் நமது லயத்து வாசலில் ஒரு போத்தல் இருப்பது விளையாட்டல்ல.

இரண்டு, மண். கண்ணாடிப் போத்தலில் கால்வாசி மண்ணும் மிகுதிக்குத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வைத்தால் மணல் அடியிலும், வண்டல் அதற்கு மேலும், களி எல்லாவற்றுக்கும் மேலும் படியும். லயத்துப் பின்பக்க மண், கொழுந்து மலை மண், ஊற்றோர மண் என்று மூன்று போத்தல்களை வரிசையாக வைத்தால் நமது மலை எதனால் ஆனது என்று தெரியும். நமது மலையின் அடிப்பாறை 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. இலங்கை, இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்த காலத்துப் பாறை. அந்தப் பாறை உக்கித்தான் மேலே மண்ணாகக் கிடக்கிறது. மழைநீர் அந்த மண்ணுக்குள் இறங்கி, துகள்களுக்கு இடையில் நிறைந்து, அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது. மண்ணின் பாரமும் கூடுகிறது. அடியில் இருக்கும் கெட்டிப் பாறை தண்ணீரை எளிதில் உள்வாங்காது. அப்போது மேல்மண் வழுக்கி இறங்குகிறது. முன்னொரு காலத்தில் சரிந்து வந்த மண்ணும் கல்லும் தேங்கிய இடங்களும் மலையில் உண்டு. சற்றுச் சமதரையாக இருப்பதால் அவை வீடு கட்ட ஏற்ற இடம்போலத் தோன்றும். அங்கேதான் அதிகக் கவனம் வேண்டும்.

மூன்று, கான். ஒரே அளவான இரண்டு தட்டுகளில் மண்ணைச் சரிவாக நிரப்பி, ஒன்றில் குறுக்காகச் சிறு கான்கள் வெட்டி, மற்றதைச் சும்மா விட்டு, ஓட்டை போட்ட டின்னால் இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் தெளிக்க வேண்டும். எது முதலில் கரைகிறது, எது முதலில் சரிகிறது என்று பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். பிறகு தாத்தாமாரிடம் போய், "உங்கள் காலத்தில் கான் எப்படி வெட்டினீர்கள்?" என்று கேட்டு எழுதட்டும். மலையைக் காப்பாற்றும் வேலை தெரிந்தவர்கள் நமது லயத்திலேயே இருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு அப்போது புரியும். தூர்ந்து போன கான்கள் எத்தனை மலையில் கிடக்கின்றன, அவற்றைத் துப்புரவாக்கக் கடைசியாக எப்போது ஆள் போட்டார்கள் என்றும் சேர்த்து எழுதட்டும்.

நான்கு, வரைபடம். இதுதான் முக்கியம். ஐந்தாறு பிள்ளைகள் ஒரு பெரியவரோடு, மழை இல்லாத நாளில், லயத்தைச் சுற்றி நடந்து வரைய வேண்டும். லயம், பாதை, கான், ஊற்று, பெரிய கல், சாய்ந்த மரம், சாய்ந்த மின்கம்பம், நிலத்தில் வெடிப்பு, சுவரில் வெடிப்பு, இறுகிப் போய்த் திறக்க முடியாத கதவு எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். புதிதாகக் கிளம்பிய ஊற்று, திடீரென வற்றிய ஊற்று, கலங்கி வரும் தண்ணீர் ஆகியவை மண்சரிவுக்கு முன் மலை காட்டும் அடையாளங்கள். ஒவ்வொரு மாதமும் அதே வெடிப்பை அளந்து திகதியோடு எழுதினால் அது வெறும் படமல்ல, சாட்சி.

இப்படிப் படித்த பிள்ளைகள் உயிர் தப்பியதற்கு உதாரணம் இருக்கிறது. ஜப்பானில் கமாய்ஷி என்ற கரையோர நகரத்தில் பாடசாலைப் பிள்ளைகள் தமது ஊரை நடந்து பார்த்து, சுனாமி வந்தால் எந்தப் பாதையில் ஏறுவது என்று தாமே வரைபடம் தயாரித்துப் பழகியிருந்தார்கள். 2011 மார்ச் 11ஆம் திகதி சுனாமி வந்தபோது பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். முதலில் நின்ற இடம் போதாது என்று கண்டு இன்னும் மேலே ஏறினார்கள். அந்த நகரத்தில் ஆயிரம் பேரளவில் இறந்தும் காணாமலும் போனார்கள். ஆனால் ஏறக்குறைய 3000 பாடசாலைப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் தப்பினார்கள்.

"இதெல்லாம் பிள்ளைகளைப் பயமுறுத்தும்" என்று சிலர் சொல்லலாம். மழை இரவில் அப்பாவும் அம்மாவும் தூங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு ஏற்கனவே பயம்தான். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் அந்தப் பயம் குறையும். "பரீட்சைக்கு உதவுமா?" என்றும் கேட்கலாம். மழையை அளப்பதும், சராசரி காண்பதும், வரைபு கீறுவதும், பாறையும் மண்ணும் அறிவதும் கணிதம், விஞ்ஞானம், புவியியல் மூன்றுக்கும் உதவும். உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு நமது பிள்ளைகள் போவதே அரிதாக இருக்கும் நிலையில், விஞ்ஞானம் என்பது நகரத்துப் பாடசாலையில் மட்டும் இருப்பதல்ல, நமது கொழுந்து மலையிலும் இருக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. கமாய்ஷிப் பிள்ளைகளுக்கு ஓடி ஏற ஒரு மேடு இருந்தது. நமது பிள்ளை வரைபடம் கீறி, சிவப்பு நிறத்தில் தன் லயத்தைக் குறித்து, "இங்கே இருக்கக்கூடாது" என்று எழுதினால், "அப்படியானால் எங்கே போவது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது பிள்ளையல்ல. தோட்ட நிர்வாகமும், அரசாங்கமும், அவர்களிடம் கேட்க வேண்டிய நாமும்தான். மீரியபெத்தையில் தப்பியவர்களுக்குப் புது வீடு கையளிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த வீட்டை மலை சரியும் முன்பே கொடுத்திருக்கலாம். பிள்ளைகளுக்கு விழிப்புணர்வு கொடுத்துவிட்டோம் என்று சொல்லி நிர்வாகம் தன் பொறுப்பைக் கைகழுவ இது சாட்டாகிவிடக்கூடாது.

ஆகவே தோட்டத் தலைவர், தலைவிமாரிடம் நான்கு விடயங்களைக் கேட்கிறேன். முதலாவது, பாடசாலை அபிவிருத்திக் கூட்டத்தில் அதிபரிடமும் ஆசிரியர்களிடமும் பேசி, இந்த ஆண்டின் ஒரு செயற்றிட்டமாவது நமது மலையைப் பற்றியதாக இருக்கச் செய்யுங்கள். இரண்டாவது, தோட்டங்கள் மழைக் கணக்கு எடுக்கின்றன. அந்தக் கணக்கு காரியாலயத்துப் புத்தகத்தோடு நிற்காமல், அடைமழைக் காலத்தில் தினமும் பெரட்டுக்களத்தில் ஒரு பலகையில் எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். மூன்றாவது, பிள்ளைகள் கீறிய வரைபடத்தைப் பாடசாலை அலுமாரியில் தூங்கவிடாமல், சங்கத்தின் கடிதத்தோடு தோட்ட நிர்வாகத்துக்கும், கிராம சேவகருக்கும், பிரதேச செயலகத்துக்கும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்பி, கிடைத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். நான்காவது, சம்பளப் பேச்சுக்குப் போகும்போது சம்பளத் தொகையோடு கான் வேலையும், பாதுகாப்பான இடத்தில் வீட்டுக் காணியும் அதே பட்டியலில் இருக்கட்டும். 7 பேர்ச் என்றாலும் 10 பேர்ச் என்றாலும், அது சரியாத நிலமா என்று பரிசோதித்த பிறகே கையில் வாங்க வேண்டும்.

அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை ஒவ்வொரு காம்பராச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

அந்த 8ஆம் தரப் பிள்ளையிடம் இப்போது ஒரு சோடாப் போத்தல் கொடுத்திருக்கிறேன். வெடிப்புக்குக் குறுக்கே பென்சிலால் இரண்டு கோடு போட்டு, இடைவெளியை அளந்து கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறாள். அவளுடைய வேலையை அவள் செய்கிறாள். அந்தக் கொப்பியை நிர்வாகத்தின் மேசைக்குக் கொண்டுபோய் வைப்பது நமது வேலை.