சைக்கிள் கொடுத்தால் போதாது

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் 11ஆம் வகுப்பு படிக்கும் சுமார் 5 லட்சம் பேருக்குத் தமிழக அரசு ஆண்டுதோறும் விலையில்லா சைக்கிள் வழங்குகிறது. செலவு 200 கோடி ரூபாய்க்கு மேல். பேருந்து எட்டிப்பார்க்காத ஊர்ப் பிள்ளைகளின் மேல்நிலைப் படிப்புக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால், வண்டியைக் கையில் கொடுப்பதோடு திட்டம் நின்றுவிடுகிறது. டியூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்திருந்து ஒட்டுப்போடும் வேலையை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். அதைக் கற்காத பிள்ளைக்குப் பஞ்சரான வண்டி திண்ணையோரம் சாய்த்து வைத்த இரும்புதான்.

கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார்: ஊர்ச் சைக்கிள் கடைக்காரர். அவருடைய நேரத்துக்கு யார் காசு கொடுப்பது என்பதே கேள்வி. பிள்ளைகளிடம் ஆளுக்கு 50 ரூபாய் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். தொகை சிறியதுதான். ஆனால், வீட்டில் கணக்குப் பார்க்கும்போது முதலில் வெட்டுப்படுவது பெண்பிள்ளைக்கான இத்தகைய செலவுதான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பல்லாயிரம் பெண்களைச் சைக்கிள் ஓட்டவைத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்து மக்கள் இயக்கமாக்கினார். வண்டி வாங்கக் கடனுக்கும் வழிசெய்தார். குவாரிக் கூலிப் பெண்கள்வரை அது போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், வாசலில் நின்று யாரும் கட்டணம் கேட்காததே என்பேன்.

இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்பிருக்காது என்பார்கள். இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், விலையைக் காசாகத்தான் கொடுக்க வேண்டுமா? 1984இல் தொடங்கி, அமெரிக்காவின் பாஸ்டனில் இயங்கிய ‘பைக்ஸ் நாட் பாம்ஸ்’ அமைப்பின் பயிற்சியில், பதின்வயதினர் பழைய சைக்கிள் ஒன்றைத் தாங்களே பிரித்துச் சீராக்கினார்கள். முடித்ததும் அது அவர்களுக்கே சொந்தம். உழைப்புதான் கட்டணம். அங்கேயும் பழைய சைக்கிள்களை விற்ற வருமானம் மட்டும் போதவில்லை, நன்கொடையும் தேவைப்பட்டது. கடை தன் லாபத்தில் வகுப்பு நடத்தட்டும் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பஞ்சர் ஒட்டிப் பிழைக்கும் நம்மூர்க் கடைக்காரரிடம் அப்படிச் சொல்வது அநியாயம்.

எனவே, அரசே கொடுக்கட்டும். ஒரு மாணவருக்கு 200 ரூபாய் ஒதுக்கினால் 5 லட்சம் பேருக்கு 10 கோடி ஆகும்; சைக்கிளுக்குச் செலவாகும் தொகையில் 5 சதவீதம்கூட இல்லை. பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு 2,000 ரூபாய் வரும். அதில் கடைக்காரருக்கு நான்கு அரைநாள் வகுப்புகளுக்கு, ஒன்றுக்கு 500 ரூபாய் கொடுக்கலாம். பஞ்சர், பிரேக், செயின், சாலையில் ஓட்டும் முறை ஆகியவற்றுக்கு அந்த நேரம் போதும். பிள்ளைகளே ஒட்டுப்போடக் கற்றுவிட்டால் கடைக்காரர் பிழைப்பு போய்விடாதா? போகாது. ஓடுகிற வண்டிக்குத்தான் டயர் தேயும், ரிம் பெண்டு எடுக்க வேண்டிவரும், ஓவராயில் தேவைப்படும். மூலையில் கிடக்கும் வண்டியால் அவருக்கு ஒரு பைசா வரவும் இல்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பணம் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக நேரே கடைக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போகவேண்டும். மாவட்டத்துக்கு ஒரு ஒப்பந்ததாரர் என்று டெண்டர் விட்டால், அந்த 500 ரூபாய் கடைக்காரர் கைக்கு 500ஆக வந்து சேராது.